அடிப்பாகம்

குடிகாடு வளைவில் பஸ் திரும்பியதும்
சிப்காட்டின் நாற்றம்தான் முதலில் வாங்க என்றது.
கைரேகைக் கருவிக்கு என்னைத் தெரியவில்லை.
மூன்று முறை வைத்தேன்,
இரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்த விரலை,
சானிடைசரில் ஊறிய விரலை.
"ரேகையே இல்லையே மேடம்" என்றான் வாட்ச்மேன்,
கைராசி பார்ப்பவன் மாதிரி.
நோட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனேன்.

என் மேஜை இன்னும் மார்ச்சில் இருந்தது.
இழுப்பறையில் கல்லாகிப்போன அரை முறுக்கு.
நாற்காலியை மட்டும்
யாரோ உயரமானவர் ஏற்றி வைத்திருந்தார்.

அடுத்த வாரமே பயணம் என்றார்கள்.
வாப்பி. சாயச் சரக்கு.
நேரில் போனால்தான் விலை படியும்.
நேரில்.
அந்தச் சொல்லைக் கொஞ்சம் மென்று பார்த்தேன்.
இவ்வளவு நாளும் எனக்கு மார்பு வரைதான் உடம்பு:
மேலே இஸ்திரி போட்ட குர்தா,
கீழே மதலைமுத்துவின் லுங்கி,
ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே என் கிளை அலுவலகம்.
கால்களை யாரும் விசாரிக்கவில்லை.

திருப்பாப்புலியூர் ஸ்டேஷன், இரவு பன்னிரண்டே முக்கால்.
எழும்பூர் போகும் ரயில் அரை மணி தாமதம்.
தண்ணீர் வாங்க நாலடி நடந்தேன்.
எனக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாய்
ஏதோ உதிர்ந்துகொண்டே வந்தது.
ஷூவின் அடிப்பாகம்.
தேய்ந்து போயிருந்தால் கூடப் பரவாயில்லை,
உப்புக்காற்றில் சும்மா இருந்தே செத்திருக்கிறது.
இடதைத் தொட்டேன்; நனைந்த பிஸ்கட்.

மதலைமுத்து குனிந்து பார்த்தார், சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் நான் அழுதிருப்பேன்.
தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார்.
ஒன்பதாம் நம்பர். ஒன்றில் நீல வார், ஒன்றில் பச்சை.

அதே செருப்பைத்தான் இரண்டாம் அலையில்
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி வாசலில்
பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.
"இதை ஏன் கொடுக்கறீங்க?" என்று கேட்டேன்.
பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.
பதினோரு நாள்
கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன், துடைக்காமல்.
பிறகு அவரே வந்து போட்டுக்கொண்டார்.

வெறுங்காலால் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார்.

வாப்பியில் கேட்டிலேயே நிறுத்தினார்கள்.
செருப்புக்கு அனுமதியில்லை.
கழற்றி வைக்கச் சொல்லி ஒரு தகர டோக்கன், பதினான்கு.
மாட்டிக்கொள்ள, முனையில் இரும்பு வைத்த விசிட்டர் ஷூ.
யானை மாதிரி மாடியேறினேன்.
திரையில் மலைபோல் உட்கார்ந்திருந்த ஹிதேஷ் பாய்
எழுந்து நின்றால் என் தோள் வரைதான்.
அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரி
வெறும் படமாம், காட்டினார்.
இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.
"உங்க வீட்ல எல்லாரும்..." என்று ஆரம்பித்தார்.
டீ வந்துவிட்டது.
கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்துக்கொண்டார்.

விமானத்தைப் பிடிக்கும் அவசரம்.
சோதனை வாசலில் என் கால் அலறியபோதுதான் தெரிந்தது,
எதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று.

பயணச்செலவுப் படிவத்தை ரயிலிலேயே நிரப்பினேன்.
உணவு, தங்கல், உள்ளூர்ப் போக்குவரத்து.
'இதர' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.

விடியற்காலை, ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டர்.
என் முகத்துக்கு முன்னால் காலைப் பார்த்தார்.
"என் செருப்பு எங்க?"

எங்கோ ஒரு காவலறைத் தட்டில்
நீலமும் பச்சையுமாய்க் கிடக்கிறது,
அதன் ஆள் உள்ளேதான் இருக்கிறார்
என்று யாரும் நினைத்துக்கொள்ளும்படி.
டோக்கனை எடுத்து அவர் கையில் வைத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அடுத்த மாசம் மறுபடி போகணும்" என்றேன்.

இரும்பு ஷூவோடு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.
கனம் தாங்காத மாதிரி
கெடிலம் பாலத்தில் வண்டி மெதுவாகப் போயிற்று.